மண்டி லேப்டாப்புக்கு எந்த ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்)? விண்டோஸ் 10, விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட்

பொங்கல் லீவுக்குப் பாலக்கோடு போனபோது அக்கா வீட்டு லேப்டாப்பைத் திறந்தேன். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து எக்செல் திறந்து ஒரு எழுத்து அடிக்க ஏழு நிமிடம் ஆனது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நின்றதே தவிர இறங்கவே இல்லை. 2015 காலத்து மெஷின். இன்டெல் ஐ3 5005யூ, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். மாமாவுக்குத் தக்காளி மண்டி. எந்த விவசாயி எத்தனை பெட்டி இறக்கினார், அன்றைக்கு என்ன விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் இதில்தான் இருக்கிறது. அக்கா மகளின் காலேஜ் அசைன்மென்டும் இதில்தான்.

"ஓஎஸ் போட்டா சரியாயிடும்பா, போன தடவ மாதிரி கடையிலயே குடுத்துடலாம்" என்றார் மாமா. நானே போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். விண்டோஸ் 10 போட்டு இரண்டு வாரம் ஓட்டினோம், அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் போட்டு இப்போது மூன்று மாதம் ஆகிறது. நான் மின்ட் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11 அனுபவம் எனக்குக் குறைவு. ஓசூரில் ரூம் நண்பர் ஒருவரின் பழைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தது மட்டும்தான்.

எந்த ஓஎஸ் என்று யோசிப்பதற்கு முன்னால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். 240 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க், 1,900 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். ஏழு நிமிடம் அரை நிமிடமானதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், ஓஎஸ் அல்ல. சுழலும் டிஸ்க்கை வைத்துக்கொண்டு எதைப் புதிதாகப் போட்டாலும் ஆறு மாதத்தில் பழைய கதைதான்.

அடுத்தது பேக்கப். சி டிரைவை மட்டும்தானே ஃபார்மட் பண்ணுகிறோம், டி டிரைவில் இருப்பது பத்திரம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாகுமென்ட்ஸ் மூன்றும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. மாமாவின் பாக்கிக் கணக்கு முழுவதும் டெஸ்க்டாப்பில் 'புதுசு 2' என்ற ஒரே ஃபைலில் இருந்தது. அதோடு, பழைய பில்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி யூனிகோட் (எல்லா மெஷினும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீடு) கிடையாது, அந்த எழுத்துரு இல்லாமல் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வந்து நிற்கும். அதனால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் அந்த எழுத்துரு ஃபைலையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். மின்ட்டிலும் அதே ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் செய்தால் பழைய பில் அப்படியே தமிழில் திறக்கிறது.

கடையில் ஓஎஸ் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். இதே லேப்டாப்புக்கு முன்பு ஒரு கடையில் 400 ரூபாய்க்குப் போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் விண்டோஸ் 10 ப்ரோ, ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் இல்லாமலே இருப்பதாகக் காட்டும் திருட்டு மென்பொருள்) வைத்து ஓடிக்கொண்டிருந்தது, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் நிறுத்தப்பட்டிருந்தது. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் அந்த லேப்டாப்புக்கு ஒரிஜினல் லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தது. விண்டோஸ் 8.1 சிங்கிள் லாங்குவேஜோடு வாங்கியது, 2015ல் இலவசமாக 10க்கு மாறியது. அப்படி ஒருமுறை மாறிய மெஷினுக்கு டிஜிட்டல் லைசென்ஸ் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகி இருக்கும். அதே எடிஷனைப் போட்டால், அதாவது ஹோம் சிங்கிள் லாங்குவேஜைப் போட்டால், நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ப்ரோ போட்டால் ஆகாது, அப்போதுதான் ஆக்டிவேட்டர் தேவைப்படுகிறது. வங்கிக் கணக்கு திறக்கிற மெஷினில் யாரோ எழுதிய ஆக்டிவேட்டரை ஓட்டிவிட்டு, ஆன்டிவைரஸையும் அணைத்து வைப்பது நல்லதல்ல. கடையில் கொடுத்தாலும் எடிஷன் பெயரைச் சொல்லி அதையே போடச் சொல்லுங்கள்.

சரி, விண்டோஸ் 10. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, ஒரு மணி நேரம். டிரைவர் தேட வேண்டிய வேலையே வரவில்லை, வைஃபை, டச்பேட், சவுண்டு எல்லாம் தானே வந்தன. பழகிய முகம் என்பதால் மாமா எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. இஎஸ்யூ என்ற நீட்டிப்பில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்தால் அதற்குக் காசு இல்லை. அதற்கு மேல் வீட்டுக் கணினிக்கு என்ன வழி என்றால், புது லேப்டாப் அல்லது வேறு ஓஎஸ். இவ்வளவு வேலை பார்த்து டிஸ்க் மாற்றிய பிறகு, அதே வருடம் மறுபடி உட்கார எனக்கு மனசில்லை.

விண்டோஸ் 11 இந்த மெஷினுக்கு முறைப்படி வராது. இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். இது 5ஆம் தலைமுறை. ரூஃபஸ் மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போது அந்தச் சோதனைகளை நீக்கிவிடலாம், நண்பர் லேப்டாப்பில் அப்படித்தான் போட்டேன், 8 ஜிபி ரேமில் ஓடுகிறது, மாதாந்திர அப்டேட்டும் வருகிறது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய வெர்ஷன் இப்படிப் போட்ட மெஷினுக்குத் தானாக வராது. ஹோம் எடிஷனில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் இரண்டு வருடம்தான் ஆதரவு. உதாரணமாக 24எச்2 வெர்ஷனுக்கு 2026 அக்டோபர் 13 கடைசி. அப்படியென்றால் யாராவது மறுபடி பென்டிரைவோடு வந்து உட்கார வேண்டும். நான் அதில் இன்னும் ஒரு சுற்றுகூடப் பார்க்கவில்லை, அதனால் அந்த வேலை எவ்வளவு சுலபம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். 4 ஜிபி ரேமில் அதை ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

என் முடிவை மாற்றியது வேகமோ, திரை அழகோ, லைசென்ஸோ அல்ல. நான் ஓசூர் திரும்பிய பிறகு அந்த லேப்டாப்பை யார் பார்த்துக்கொள்வது என்ற ஒரே கேள்விதான். பாலக்கோடு ரயிலில் பக்கம்தான், ஆனாலும் சிப்காட் ஷிஃப்டில் எல்லா வாரமும் போக முடியாது. அக்கா வீட்டில் கேபிள் நெட் கிடையாது, மூன்று போன்களின் ஹாட்ஸ்பாட்தான், ஒவ்வொன்றிலும் தினம் 2 ஜிபி.

விண்டோஸ் 10 போட்டுவிட்டு வந்த இரண்டாவது வாரம், காலை ஒன்பது மணிக்கு அக்கா மகள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, ஒண்ணுமே பாக்கல, டேட்டா முழுசா போச்சு. பதினொரு மணிக்குள்ள அசைன்மென்ட் ஏத்தணும்." பின்னணியில் அப்டேட் இறங்கியிருக்கிறது. இத்தனைக்கும் நான், டேட்டாவை மிச்சம் பிடிக்கச் சொல்லும் மீட்டர்டு கனெக்‌ஷன் என்ற செட்டிங்கைப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அது வைஃபை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. மாமா போனுக்குப் போட்டது அக்கா போனுக்குச் செல்லாது. அவள் அன்றைக்கு அக்கா போனில் சேர்த்திருக்கிறாள். தப்பு அவளுடையதல்ல, இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு லேப்டாப் பயன்படுத்து என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதே சரியில்லை.

மின்ட்டில் இது வேறு மாதிரி. அப்டேட் இருந்தால் கீழே மூலையில் கேடயம் போன்ற ஐகானில் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். பட்டியலை மட்டும் தானாகப் பார்த்துக்கொள்கிறது, இன்ஸ்டால் என்று அழுத்தாமல் எதையும் இறக்காது. அழுத்தினால் இறங்குவது சின்னதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், ஃபர்ம்வேர் பாக்கேஜ் வந்தால் அது ஒன்றே பல நூறு எம்பி. ஆனால் எப்போது என்பது நம் கையில். நான் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எனிடெஸ்க் வழியாக ஓசூரிலிருந்தே நுழைந்து அப்டேட் செய்கிறேன். அதற்கு முன்னால் டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட். அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது கெட்டால் சிஸ்டத்தை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம், மாமாவின் ஃபைல்களை அது தொடாது. இதுவரை ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை, சோதனைக்காக ஒருமுறை திருப்பிப் பார்த்தேன், வேலை செய்கிறது. மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு.

மின்ட்டிலும் சின்னமன், மாடே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று விதமான திரை அமைப்புகள் இருக்கின்றன. 4 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஇதான் எடுத்தேன். பூட் ஆனதும் 800 எம்பி பக்கம் ரேம் பிடிக்கிறது. விண்டோஸ் 10 அதே மெஷினில் 2 ஜிபியைத் தாண்டிக் காட்டியது. பிரவுசரில் பத்து டேப் திறந்தால் இரண்டுமே திணறும், அதற்கு ரேம்தான் வாங்க வேண்டும். போடுவதற்கு முன்பு பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. வைஃபை வருகிறதா, சவுண்டு வருகிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். சில பழைய வைஃபை சிப்புகளுக்கு டிரைவர் தனியாக இறக்க வேண்டி வரும், அப்போது போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி டெதரிங் போட்டால் நெட் கிடைத்துவிடும்.

தமிழ் அடிப்பதில் ஒரு இடத்தில் இடறினேன். மாமாவுக்குத் தமிழ்99 என்ற கீபோர்டு முறை பழக்கம். அதில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழ வேண்டும். கீபோர்டு லேஅவுட் பட்டியலில் இருந்த தமிழ்99ஐச் சேர்த்துக் கொடுத்தேன். அவர் முதலில் அடித்த சொல்லே 'தககாளி' என்று வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது: லேஅவுட்டாகச் சேர்க்கக் கூடாது, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, அதில் எம்17என் என்ற பன்மொழித் தொகுப்பிலுள்ள தமிழ்99ஐ எடுக்க வேண்டும். இப்போது தக்காளி தக்காளியாகவே வருகிறது.

எக்செல் ஃபைல்கள் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறக்கின்றன. கூட்டல், கழித்தல், வடிகட்டல் அளவில் ஒரு தொந்தரவும் இல்லை. மேக்ரோ எழுதிய பெரிய ஃபைல்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது, மாமாவிடம் அப்படி எதுவும் இல்லை.

டேலி போட்டுக் கணக்கு எழுதுபவர்கள் இந்த வழிக்கு வராதீர்கள், விண்டோஸ்தான் உங்களுக்கு. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகுபவர்களுக்கும் அதையே சொல்வேன். பிரிண்டர் முக்கியம் என்றாலும் முதலில் விசாரியுங்கள். கேனன் எல்பிபி 2900 மாதிரி பழைய லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸில் டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். மாமா பிரிண்ட் எடுப்பதே ஜெராக்ஸ் கடையில் என்பதால் அந்தச் சோதனை எனக்கு வரவில்லை.

கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கை நான் துடைக்கவில்லை. யுஎஸ்பியில் சொருகும் டிஸ்க் பெட்டி ஒன்றில் போட்டு, மேலே தேதி எழுதிய பேப்பரை ஒட்டி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். போன வாரம்கூட அதிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்தோம்.