வெட்டுத்துணிப் பைகள்: சில வருடம் புழங்கிய பிறகு

அல்சூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் காய்கறிப் பை, தோளில் மாட்டும் ஸ்லிங் பை, லேப்டாப் உறை, சில்லறை போட ஒரு பவுச். எங்கள் வீட்டில் இத்தனையும் கார்மெண்ட்ஸ் வெட்டுத்துணியில் தைத்தவைதான். தெருக்கோடியில் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் தையல் கூடத்தில் வாங்கியவை. பெங்களூர் மழை, மெட்ரோ நெரிசல், வாஷிங் மெஷின் எல்லாம் பார்த்துவிட்டதால் இப்போது தைரியமாக எழுதலாம்.

முதலில் துணி. பொம்மனஹள்ளி, பீனியா பக்கம் இருக்கும் ஃபேக்டரிகளில் துணியை அடுக்கடுக்காக விரித்து மொத்தமாக வெட்டுவார்கள். கழுத்து, கைக்குழி வளைவுகளுக்கு நடுவில் மிஞ்சுகிற துண்டுகள்தான் இவை. வெட்டுகிற துணியில் 10 முதல் 15 சதவீதம் இப்படிக் கழிந்துவிடும். பழந்துணி என்று நினைத்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. யார் உடம்பும் படாத புதுத்துணி சார் இது!

அதனால் துணி கிழிந்தது என்ற பேச்சே இல்லை. தேங்காய், வெங்காயம், அஞ்சு கிலோ அரிசி என்று அடைத்த காய்கறிப் பையில் முதலில் விட்டுப்போனது கைப்பிடிதான். மேல் விளிம்பில் மட்டும் வைத்து இரண்டு தையல் ஓட்டியிருந்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்ததும் தையல் கூடத்து அக்கா கைப்பிடி வாரைப் பையின் அடிவரைக்கும் இறக்கி, மேலே கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரி தைத்துத் தந்தார். அப்புறம் எவ்வளவு சுமந்தும் அசையவில்லை. வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், பையை உட்புறம் புரட்டிப் பார்ப்பது. ஒட்டுப்போட்ட பையில் முழுக்கத் தையல் ஓரம்தான். லைனிங்கோ, ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக்கோ இல்லையென்றால் நூல் பிரிந்துகொண்டே வரும், வந்து நேராக ஜிப் ரன்னரில் மாட்டும். என் பவுச்சில் தினமும் இந்தக் கூத்துதான். பருத்தியும் பாலியஸ்டரும் பக்கம் பக்கமாக இருந்தால் நனைத்துத் தைத்ததா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பருத்தி சுருங்கி, பை அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். பனியன் துணியில் வார் வைத்த பை வேண்டவே வேண்டாம். இழுபட்டு இழுபட்டு முழங்காலுக்கு வந்து நிற்கும்.

விலை? சாதாரணத் துணிப்பையைவிடக் கூடத்தான். "வேஸ்ட் துணிக்கு இவ்வளவா?" என்று ஒருவர் பேரம் பேசியபோது நானும் அங்கே இருந்தேன். "துணிக்கா காசு கேக்குறோம்? ஒட்டுப்போட்டுச் சேக்கவே பாதி நாள் போயிடுதும்மா" என்றார் அக்கா. நியாயம்தான். புதுத்துணி என்றால் ஒரே வெட்டில் பை வந்துவிடும். இதில் உள்ளங்கை அகலத் துண்டுகளை நிறம் பார்த்துப் பொறுக்கி, இணைத்து, ஒவ்வொரு மடிப்பையும் இஸ்திரி போட்டுப் படியவைத்த பிறகுதான் பையையே வெட்ட முடியும்.

ஒரே மாதிரி இன்னொன்று கேட்டால் கிடைக்காது. அந்த லாட் தீர்ந்தால் தீர்ந்ததுதான். கல்யாணத் தாம்பூலப் பைக்கு ஒரே நிறத்தில் இருநூறு வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. கலந்துகட்டி இருந்தால் பரவாயில்லை என்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.

லேப்டாப் உறையை மட்டும் மறுபடி வாங்க மாட்டேன். மழையில் ஒட்டுத்தையல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, ஈரத்தோடு மடித்து வைத்தால் வாடை வேறு. காய்கறிப் பைக்கு இந்தக் கவலை இல்லை, கொடியில் போட்டால் காய்ந்துவிடும். கர்நாடகத்தில் பிளாஸ்டிக் பைக்கு 2016லேயே தடை வந்தும் மார்க்கெட்டில் கவர் நீட்டத்தான் செய்கிறார்கள். இது கையில் இருப்பதால் எனக்கு வேண்டியிருப்பதில்லை. அடுத்து சாப்பாட்டுப் பை ஒன்று சொல்லியிருக்கிறேன், உள்ளே ரெக்ஸின் வைத்து. ஜிப் வேண்டாம், பட்டன் போதும்.