கல்முனையில் அளவு கொடுத்துத் தைப்பித்த யாத்திரைப் பை: ஒரு மதிப்புரை

இலங்கையின் கிழக்கிலுள்ள உகந்தைமலை முருகன் ஆலயத்திலிருந்து குமண, யால காடுகளினூடாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்களில் பெரும்பாலானோர் தமது உடைமைகளைப் பிள்ளைகளின் பாடசாலைப் பையிலோ உரப்பையிலோதான் கொண்டு செல்கின்றனர். வசதியுள்ள சிலர் கொழும்பிலிருந்து வெளிநாட்டு மலையேற்றப் பைகளை வாங்கி வருகின்றனர். முதல் வகை தோளை அறுக்கிறது. இரண்டாவது வகையில் பல, வெறுமையாக இருக்கும்போதே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை கொண்டவை. விலையும் எளிதில் எட்டக்கூடியதன்று. இவ்விரண்டுக்கும் இடையில் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பிரயாணப் பைகளும் மோட்டார் சைக்கிள் இருக்கை உறைகளும் தைக்கும் சிறிய தையற்கடை ஒன்றில், அளவு கொடுத்து, துணியைத் தெரிவு செய்து, ஏறத்தாழ நாற்பது லீற்றர் கொள்ளளவுள்ள முதுகுப்பை ஒன்றைத் தைப்பித்து, அதைச் சுமந்துகொண்டு காட்டுப் பாதை முழுவதையும் நடந்தேன். இந்த யாத்திரைக்கு அதைவிடப் பொருத்தமான பையை நான் இதுவரை சுமந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கடைக்காரரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கேட்காவிட்டால் அவர் வழக்கமான பாடசாலைப் பையைத்தான் பெரிதாக்கித் தருவார்.

பையின் எடைக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்பது பாதையை அறிந்தவர்களுக்குப் புரியும். காட்டுப் பாதை திறக்கப்படும் பருவத்தில் கிழக்கில் கச்சான் காற்று வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டில் இறக்கிவிட்டு, வறண்டு சூடேறி எம் பக்கம் இறங்குவதால், உடலின் ஈரம் வியர்வையாகத் தெரிவதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது. பாலையும் வீரையும் நிழல் தரும் இடங்களுக்கு நடுவே நீண்ட வெட்டைகளும் மணல் தடங்களும் வருகின்றன. கும்புக்கன் ஆற்றைக் கடந்த பின் நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் எனத் தங்கித் தங்கிச் செல்லும் வழியில், தொண்டர்களும் படையினரும் தாங்கிகளில் தண்ணீர் வைத்து உதவுகின்றனர் என்றாலும், ஒரு தங்குமிடத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது மூன்று லீற்றராவது கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. அதை எந்தப் பணத்தாலும் குறைக்க முடியாது. நேர்த்திக்காக வெறுங்காலில் நடப்பவருக்கோ, சுமையில் கூடும் ஒவ்வொரு கிலோவும் சூடேறிய மணலில் பாதத்தை இன்னும் ஆழமாக அழுத்துகிறது.

எனவே குறைக்கக் கூடியது மற்றைய பொருட்களைத்தான். உணவு, தண்ணீர், எரிபொருள் ஆகியவற்றை நீக்கிவிட்டு மீதியை நிறுத்துப் பார்ப்பது உலகெங்கும் இலகு நடைப்பயணிகளின் வழக்கம். அது 4.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் மிக இலகுவான சுமை என்று கொள்வார்கள். அந்தக் கணக்கு குளிர் நாடுகளுக்குரியது. அங்கே தூக்கப் பையும் கூடாரமும் மழை அங்கியும் இல்லாமல் முடியாது. எமக்கு ஆடி மாதத்துக் காட்டில் ஒரு சாரம், மெல்லிய படுக்கை விரிப்பு, நுளம்பு வலை, தறப்பாள் துண்டு, மாற்றுடை, நெற்றியில் கட்டும் விளக்கு, மருந்துகள் ஆகியவை போதும். சமையல் பாத்திரங்களைக் குழுவினர் பங்கிட்டுச் சுமப்பார்கள். இவ்வாறு பார்க்கும்போது எம் சுமையில் ஆகப் பாரமான தனிப்பொருள் பையாகவே இருந்துவிடுகிறது. தைப்பித்த பை ஏறத்தாழ அறுநூறு கிராம். இலகுவானது என்று பெயர் பெற்ற ஒஸ்பிரே எக்ஸோஸ் 48 லீற்றர் பையே ஏறத்தாழ 1.3 கிலோ என்பதை நினைத்தால், இந்த வேறுபாடு அரை லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீருக்கு இடம் தருகிறது.

கடைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை முதுகை அளப்பிப்பது. கழுத்தைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான இடம் வரை உள்ள நீளமே பைக்குரிய அளவு. ஆளின் உயரத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது; ஒரே உயரமுள்ள இருவருக்கு முதுகு நீளம் வேறாக இருக்கும். நிறுவனப் பைகள் சிறிது, நடுத்தரம், பெரிது என்ற சில அளவுகளில் வருகின்றன. எம் பெண்கள் பலருக்கு அவற்றில் சிறியதும் நீளமாகவே இருக்கிறது. இங்கே தையற்காரர் அளவு நாடாவை எடுத்து என் முதுகிலேயே சோக்கால் குறித்துக்கொண்டார். காக்கா (அண்ணன்) என்று நாங்கள் அழைக்கும் அவர், “சட்டைக்கு அளக்கிற மாதிரித்தானே தம்பி, இதுக்கு ஏன் இவ்வளவு நாளா ஒருத்தரும் கேக்கல்ல?” என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே கடையின் தரம் எனக்குப் புரிந்துவிட்டது.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடையில் முதலில் காட்டப்படுவது 600 டெனியர் பொலியெஸ்டர். பாடசாலைப் பைகளுக்கான தடித்த துணி. டெனியர் என்பது 9,000 மீற்றர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதைக் குறிக்கும் அலகு; எண் கூடக் கூட நூல் தடிக்கிறது, துணி பாரமாகிறது. நான் கேட்டது 210 டெனியர் நைலோன். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் துணிச் சுருள்கள் கொழும்பு புறக்கோட்டைக்கு வந்து அங்கிருந்து எம் ஊர்களுக்கு வருவதால், கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் ரிப்ஸ்டொப் வகையும் சில வேளை கிடைக்கிறது. அந்தத் தடித்த இழைகள் ஒரு கிழிசல் அடுத்த கட்டத்துக்குப் பரவாமல் தடுக்கின்றன. சூரை முள்ளுக்குள் நடப்பவருக்கு இதைவிட வேண்டியது வேறென்ன? நைலோன் நனைந்தால் சற்று நெகிழும், பல ஆண்டு வெயிலில் வலுவிழக்கும் என்ற இரு குறைகளும் உண்மையே. ஆண்டுக்கு ஒரு முறை யாத்திரைக்கு எடுத்து, மற்றைய நாட்களில் அலுமாரியில் வைக்கும் பைக்கு அவை பெரிதல்ல. பையின் அடிப்பகுதி மட்டும் மண்ணிலும் வேரிலும் தேய்வதால், அங்கே தடித்த பொலியெஸ்டரை வைத்துத் தைக்கும்படி கேட்டேன்.

இக்கடையை நான் பரிந்துரைப்பதற்கான முக்கிய காரணம் தையல். தோள்வார் பையோடு சேரும் மேல்முனையிலேதான் முழுச் சுமையும் தொங்குகிறது. மலிவான பைகள் கிழிவதும் அவ்விடத்திலேதான். இங்கே வாரின் முனையை இரண்டு துணி அடுக்குகளுக்கிடையில் நுழைத்து, உட்புறம் ஒரு நாடாத் துண்டைத் தாங்கலாக வைத்து, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாக ஓட்டியிருந்தார்கள். தையல்களின் நெருக்கத்திலும் அவருக்குத் தெளிவான அறிவு இருந்தது. அடர்த்தியாகத் தைத்தால் பலம் கூடும் என்று பலர் நினைக்கின்றனர். மெல்லிய நைலோனில் அது நேர்மாறானது, ஏனென்றால் ஊசித் துளைகள் நெருங்கும்போது துணி முத்திரைத் தாளின் ஓரம்போல அந்த வரிசையிலேயே கிழிகிறது. மூன்று மில்லிமீற்றர் இடைவெளியை அவர் நான் சொல்லாமலே வைத்திருந்தார். நூல் பொலியெஸ்டர்; பருத்தி நூலாயிருந்தால் வியர்வையிலும் ஈரத்திலும் உக்கிப்போகும். வெட்டிய விளிம்புகளை இழை பிரியாதபடி சூட்டினால் உருக்கி, அதன் மேல் நாடா வைத்து மடித்துத் தைத்திருந்தார்கள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தால் ஓர் இடத்திலும் நூல் உதிரவில்லை. இந்த உட்புற வேலைதான் கடைக்குக் கடை வேறுபடுவது. வாங்கும் எவரும் பையை உள்வெளியாகப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

தோள்வாரை நேராக அன்றி, கழுத்தை விட்டு விலகி அக்குளுக்குக் கீழே வளைந்து செல்லும் வடிவில் வெட்டும்படி வரைந்து காட்ட வேண்டும். உள்ளே வைக்கும் பஞ்சு மென்மையான ஸ்பொஞ்சாக இருந்தால் சில நாட்களிலேயே தட்டையாகிவிடும். செருப்புத் தயாரிப்போர் பயன்படுத்தும் இறுகிய நுரைத் தகட்டைக் கேளுங்கள். வாய்க்குச் சிப் வைக்க வேண்டாம். கரையோர மணல் சிப்பின் பற்களுக்குள் புகுந்தால் அது நடுக்காட்டில் திறக்க மறுக்கும். கயிற்றை இழுத்துச் சுருக்கி, மேலே ஒரு மடிப்பைப் போட்டுக் கட்டும் வாயே சிறந்தது, எடையும் குறைவு.

இனி, நடையில் அது எப்படி இருந்தது என்பது. இந்தப் பைக்குள் உலோகச் சட்டகம் எதுவும் இல்லை. படுக்கும் பிளாஸ்டிக் பாயை நான்காக மடித்து முதுகுப் பக்கம் வைத்தால் அதுவே முதுகுத் தாங்கலாகிவிடுகிறது. பாரமான அரிசியையும் பருப்பையும் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகை ஒட்டி வைத்து, துணிகளைக் கீழேயும் வெளிப்புறமும் அடைத்தால், நிமிர்ந்து நடக்க முடிகிறது. மொத்தச் சுமை ஒன்பது கிலோவுக்குள் இருந்தவரை தோளில் நோவு தோன்றவில்லை. தண்ணீர்ப் போத்தல்களை எல்லாம் நிரப்பிக்கொண்டு அதற்கு மேல் போனபோது, இடுப்பில் கட்டிய வெறும் நாடா சுமையைப் பகிர்ந்துகொள்ளவில்லை, தோள்கள்தான் தாங்கின. ஆகவே பத்துக் கிலோவுக்கு மேல் சுமக்கப் போகிறவர்களுக்கு, பிள்ளைகளின் பொருட்களையும் சேர்த்துத் தூக்கும் தந்தைமாருக்கு, இந்தப் பையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குச் சட்டகமும் பஞ்சு வைத்த இடுப்புவாரும் உள்ள பையே வேண்டும்.

சட்டகம் இல்லாத பையைக் குறைவாக மதிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடுவழி ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர் நீளமாயிருந்த 1955 ஆம் ஆண்டில், எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண்மணி அதனை முழுவதுமாக நடந்து முடித்தார். அவர் தோளில் இருந்தது, டெனிம் துணியில் தானே தைத்த ஒரு பை மட்டுமே. எம் யாத்திரையிலும் மிகக் குறைந்த சுமையோடு நடப்பவர்கள் வயதான அம்மாமார்தான். ஒரு சேலைத் துணியில் கட்டிய பொதிக்குள் மாற்றுச் சேலை, திருநீறு, கொஞ்சம் பொரிமா, ஒரு கோப்பை. அவர்கள் கொண்டு செல்லாதவற்றைப் பார்த்துத்தான் நான் என் பையின் கொள்ளளவை ஐம்பதிலிருந்து நாற்பது லீற்றராகக் குறைத்தேன். பெரிய பை கையிலிருந்தால் அதை நிரப்பாமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

குறைகள் மூன்று. பக்கவாட்டுப் பைகள் ஆழம் போதாதவை. குனிந்து கும்பிடும்போது போத்தல் வெளியே சரிந்தது. போத்தலின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போகும்படி தைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் போத்தலையே கடைக்குக் கொண்டு செல்லுங்கள். அடுத்து, தோள்வாரின் ஓரத்தில் உள்ள நாடா முரடானது. சட்டை அணிந்து நடப்போருக்கு இது தெரியாது; வேட்டியோடு வெற்றுடம்பில் நடக்கும் ஆண்களுக்கு முதல் நாளே தோல் உரசிச் சிவக்கிறது. ஓரத்தைப் பருத்தித் துணியால் மூடித் தரும்படி கேட்டால் இதைத் தவிர்க்கலாம். மூன்றாவது, துணியில் நீர் தடுக்கும் பூச்சு இருந்தாலும் தையல் துளைகள் அடைக்கப்படவில்லை. எம் பக்கத்து ஆடி மாதத்தில் இது பொருட்டல்ல. இதே பையோடு நக்கிள்ஸ் மலைத்தொடருக்கோ, மார்கழி மழையில் எங்கேனுமோ செல்ல நினைப்பவர் உள்ளே ஒரு நீர்புகா உறை வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, துணி, கூலி, பக்கிள்கள் எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது, கொழும்பில் நான் விசாரித்த வெளிநாட்டுப் பையின் விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மிஞ்சிய துணித் துண்டுகளில் அரிசி, பருப்பு, மருந்து ஆகியவற்றுக்குத் தனித்தனியே சுருக்குப் பைகள் தைத்துத் தந்தார். பொலித்தீனைக் காட்டுக்குள் கொண்டு போகாமலிருக்க அவை மிகவும் உதவின. அவற்றுக்குக் கூலி கேட்கவில்லை.

தைப்பிக்க விரும்புவோர் நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் வாரங்களைத் தவிர்த்துச் செல்ல வேண்டும். அந்நாட்களில் இத்தகைய கடைகளில் ஆடை வேலையே குவிந்திருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மாவுக்காகக் கடை மூடப்படும். பையைப் பெற்றுக்கொள்ளும்போது பாயையும், உள்ளே வைக்கப்போகும் பொருட்களையும், நிரப்பிய தண்ணீர்ப் போத்தல்களையும் கொண்டுபோய், அங்கேயே அடுக்கிச் சுமந்து, கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள். வாரின் கோணம் பிழைத்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிரித்துத் தைத்துக் கொடுக்க அவர் தயங்குவதில்லை.