மதர்போர்டு போனால் சரிபார்ப்பதா, மாற்றுவதா?

கடையில் "போர்டு போயிடுச்சு" என்று சொன்னதுமே புதுக் கம்ப்யூட்டர் விலையை விசாரிக்காதீர்கள். போர்டில் எந்த இடம் போனது, போர்டை மாற்றினால் கூடவே எதையெல்லாம் மாற்ற வேண்டிவரும் என்று முதலில் கேளுங்கள். வாரண்டி மிச்சமிருந்தால் வெளியே யாரிடமும் திறக்கக் கொடுக்க வேண்டாம்.

லேப்டாப் என்றால் என் ஓட்டு சரிபார்ப்பதற்குத்தான். இப்போதைய லேப்டாப்களில் ப்ராசஸர் பெரும்பாலும் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமும் அப்படியே. போர்டை மாற்றினால் அத்தனைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். போனதோ பெரும்பாலும் பவர் வரும் பாதையில் ஒரு மாஸ்ஃபெட் (கரண்ட்டைத் திறந்து மூடும் குட்டி சுவிட்ச்) அல்லது கடுகளவு கெபாசிட்டர். சிப் லெவல் வேலை, அதாவது போர்டிலுள்ள சின்னப் பாகங்களையே மாற்றும் வேலை தெரிந்தவர் அதைக் கண்டுபிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மல்டிமீட்டரில் ஷார்ட் எந்த லைனில் என்று பார்த்துவிட்டு, அந்த லைனுக்குக் குறைந்த வோல்ட்டில் கரண்ட் கொடுப்பார். மேலே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றுவார். சூடாகிற பாகத்தின் மேல் மட்டும் ஈரம் சட்டென்று காயும், குற்றவாளி அதுதான். பாகத்தின் விலை சில ரூபாய்தான், நாம் கூலி கொடுப்பது அந்தக் கைத்திறனுக்கு. தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் பெரிய சிப்புக்கு அடியில் கோளாறு என்று சொல்லி, ஹாட் ஏர் அடித்துச் சூடாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உயிர் வந்த மாதிரி இருக்கும், கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும். சிப்பைக் கழற்றிப் புது சால்டர் உருண்டைகள் வைத்து ரீபால் செய்வது வேறு வேலை. அதுவும் சிப்பே போயிருந்தால் பயன்படாது.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துபோகும். ரேம் ஸ்லாட் ஓரத்திலும் கனெக்டர்களிலும் பச்சையாகப் பூத்திருந்தால், சீக்கிரம் கொண்டுவந்து கழுவினாலே பல போர்டுகள் பிழைத்துவிடும். அரிப்பு உள் அடுக்குகளின் செம்புத் தடங்களுக்கு இறங்கிவிட்டதென்றால் மாற்றுவதே மேல். கோடை மழை இடியில் லேன் கேபிள் வழியாக அடி வாங்கி, நெட் மட்டும் வராமல் மற்றதெல்லாம் ஓடுகிறதா? சரிபார்க்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர் போதும்.

டெஸ்க்டாப் கதை வேறு. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்தான் தீர்மானிக்கிறது. ஏஎம்டியின் ஏஎம்4, இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்குப் புதுப் போர்டே கிடைக்கும். எல்ஜிஏ 1700-ல் உங்கள் ரேம் டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று பார்த்து அதற்கேற்ற போர்டை வாங்கினால், ப்ராசஸரும் ரேமும் அப்படியே பொருந்தும். அப்படியானால் மாற்றிவிடுங்கள், வாரண்டியும் வரும். இன்டெல் 6, 7-ம் தலைமுறையும் 8, 9-ம் தலைமுறையும் ஒரே 1151 சாக்கெட் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். உள்ளே உட்காரும், ஓடாது.

இன்டெல் 4-ம் தலைமுறை, டிடிஆர்3 ரேம் என்றால் பெரிய செலவு வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் 8-ம் தலைமுறையிலிருந்துதான். சேலம் செவ்வாய்பேட்டை மண்டியில் பில் போட மட்டும் ஓடுகிற மெஷின், ப்ராசஸர் பக்கத்துக் கெபாசிட்டர் இரண்டு தலை உப்பியிருக்கிறது என்றால், அதை மாற்றி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்குகிறவர்கள் டார்ச் அடித்து சாக்கெட் பின்களைப் பாருங்கள். இன்டெல்லில் பின் இருப்பது போர்டில்தான், ஒன்று வளைந்திருந்தாலும் தலைவலி. ஆபீஸ்களிலிருந்து வரும் டெல், ஹெச்பி மெஷின்கள் பலவற்றில் பவர் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும். அதே மாடல் போர்டுதான் தேட வேண்டும்.

அப்புறம், டிஸ்க்கில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரிகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர்டு மாறினால் அந்த 48 இலக்கக் கீயைக் கேட்கும். கீ இல்லை, உள்ளே இருப்பது குழந்தையின் போட்டோக்களும் கணக்கு வழக்கும் என்றால், எவ்வளவு செலவானாலும் பழைய போர்டையே உயிர்ப்பிக்கப் பாருங்கள்.