புதிய மருத்துவ அருங்காட்சியகம்: அசல் பொருட்களா, இயக்கிப் பார்க்கும் மாதிரிகளா?

அசல் பொருளுக்கு என்று ஒரு வலிமை உண்டு. போலியோ நோயாளிகள் மூச்சுவிட உதவிய உலோக உருளையான இரும்பு நுரையீரலின் அருகில் நின்றால் போதும், போலியோவின் கொடுமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சேகரிப்போடு பொறுப்பும் வரும்: ஈரப்பதம், பூச்சி, அப்புறம் பழைய தெர்மாமீட்டரில் இருக்கும் பாதரசம். மனித உடல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1783இல் இறந்த, மிக உயரமான மனிதராக அறியப்பட்ட சார்லஸ் பைர்ன், தன்னைக் கடலில் அடக்கம் செய்யவே விரும்பினார். எலும்புக்கூடோ லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2023இல் மீண்டும் திறந்தபோது அதைக் காட்சியில் வைக்கவில்லை. மிகச் சரியான முடிவு. ஒப்புதல் இல்லாத உடலைப் புதிய அருங்காட்சியகம் எதுவும் வாங்கவே கூடாது.

மாதிரிகளில் இந்தச் சிக்கல் இல்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் சுகாதார அருங்காட்சியகம் 1930இல் வைத்த ஒளிபுகும் மனித உருவம், உள்ளுறுப்புகளை எல்லோருக்கும் காட்டியது. குழந்தைகளுக்கும் மாதிரிதான் பிடிக்கும். என்ன, தொடுதிரைகள் சீக்கிரம் பழுதாகும்.

என் தேர்வு: அசல் பொருட்கள் கொஞ்சம் போதும், ஆனால் ஒவ்வொன்றோடும் அதைப் பயன்படுத்திய நோயாளியின் குரல் இருக்க வேண்டும். பக்கத்திலேயே கையால் இயக்கும் எளிய மாதிரி ஒன்று. எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற சேகரிப்புக் கொள்கையை, முதல் நன்கொடை வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.