கேம் கிராஷ் ஆகும் புது கம்ப்யூட்டர்: கொழும்புக்குத் தூக்கிப் போவதா, வீட்டிலேயே பார்ப்பதா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தம்பிக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டினோம். சாமான்களை பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில் வாங்கி, மலையகத்தில் ஹட்டன் பக்கம் டிக்கோயாவில் எங்கள் வீட்டு மேசையில் வைத்து நாங்களே பூட்டினோம். ஏஎம்டியின் ரைசன் 5 5600 சிபியு, பி550 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 விஜிஏ கார்டு, 550 வாட் பவர் சப்ளை. மூன்றாம் நாளே தொல்லை தொடங்கிவிட்டது. கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். 20 நிமிடமோ ஒரு மணி நேரமோ போனதும் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். சில இரவுகளில் விண்டோஸே விழுந்து நீலத்திரை வரும். பாடம் படிக்கும்போதும் வீடியோ பார்க்கும்போதும் ஒன்றும் ஆகாது.

மலையகத்தில் இருக்கிறவருக்கு இந்த நிலையில் மூன்று வழி உண்டு: டவுனில் இருக்கிற ரிப்பேர் கடை, வாங்கிய கொழும்புக் கடை, இல்லையென்றால் வீட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பது. மூன்றையும் செய்து பார்த்தேன். மூன்றாவதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. கொழும்பு தேவையே இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு நேரம் பிறகு வரும்.

டவுன் கடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொண்டுபோனதும் போர்மட் அடித்து விண்டோஸ் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். டிரைவர் குழப்பமாக இருந்திருந்தால் அதில் தீர்ந்திருக்கும். எங்களுக்குத் தீரவில்லை. அதைவிட, 4ஜி ரவுட்டரில் இரவு டேட்டாவைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்து இறக்கிய கேம் முழுவதும் போய்விட்டது. 100 ஜிபி கேமை மலைநாட்டு சிக்னலில் திரும்ப இறக்குவது என்றால் எத்தனை இரவு என்று உங்களுக்கே தெரியும். அதனால் போர்மட்டுக்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். கேம் இறக்கும் ஸ்டீம் மென்பொருளில் கேமின் கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வசதி இருக்கிறது. கெட்டுப்போன கோப்பை மட்டும் திரும்ப இறக்கும். விஜிஏ டிரைவரை டிடியு என்ற இலவச மென்பொருளால் சுத்தமாக நீக்கி, புதிதாகப் போடலாம். டவுன் கடைக்கு ஒரு பெரிய பயன் உண்டு: மாற்றிப் பார்க்க அவர்களிடம் உதிரி பவர் சப்ளை இருக்கும். அதற்காக மட்டும் நான் மறுபடியும் போவேன்.

அடுத்தது கொழும்பு. வாரண்டி இருக்கிறது, அவர்கள் விற்றது, அவர்களே பார்க்கட்டும் என்று நினைப்பது நியாயம்தான். கேசிங்கைப் போர்வையில் சுற்றி, அதிகாலை பஸ்ஸில் மடியிலும் காலடியிலுமாக வைத்துக்கொண்டு கினிகத்தேனை வளைவுகளை இறங்கி, கித்துல்கல, அவிசாவளை தாண்டிக் கடைக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். பிறகு போன் வந்தது. “அண்ணா, ஒரு பிரச்சினையும் இல்ல. டெஸ்ட் எல்லாம் போட்டுப் பார்த்தோம், நல்லா ஓடுது. வந்து எடுத்துட்டுப் போங்க.” திரும்பவும் ஒரு நாள் பயணம். வீட்டுக்கு வந்து அன்று இரவே கேம் மூடிக்கொண்டது. தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போனில் பேசிய கடைப் பையன் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் உண்மையாகவே நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. இந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு ஒரு மாதம் போனது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடையில் ஒரு கம்ப்யூட்டரைச் சோதிக்க எடுத்தால் பெரும்பாலும் முதல் வேலையாக பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். எங்களுடையதிலும் அதைச் செய்திருந்தார்கள். அப்படிச் செய்தால், ரேமைப் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு அணைந்துவிடும். 3600 வேகம் என்று பெட்டியில் எழுதி விற்கிற டிடிஆர்4 ரேம், எக்ஸ்எம்பி போடாவிட்டால் தன் சாதாரண வேகத்தில்தான் ஓடும். எங்களுடையது 2400. அந்த மெதுவான வேகத்தில் எங்கள் ரேமுக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் நான் என்ன செய்தேன்? காசு கொடுத்து வாங்கிய வேகம் வேண்டும் என்று எக்ஸ்எம்பியை மறுபடி போட்டேன். கோளாறும் கூடவே வந்தது. கடையில் அவர்கள் ஓட்டியது அரை மணி நேர கிராபிக்ஸ் சோதனை. எங்களுடையதோ சில நாளில் ஒரு மணி நேரம் கழித்து வருகிற கிராஷ்.

எப்போதாவது வருகிற கோளாறு, அது வருகிற இடத்தில், வருகிற நேரத்தில், வருகிற அமைப்பில்தான் பிடிபடும். உங்கள் வீட்டுக் கரண்ட், உங்கள் பயாஸ் அமைப்பு, உங்கள் கேம், இரவு எட்டு மணி, இவற்றில் எதையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது. வரிசையில் இன்னும் பல கம்ப்யூட்டர்கள் காத்திருக்கிற கடைக்காரரால் ஒரே கம்ப்யூட்டரோடு ஐந்து இரவு உட்காரவும் முடியாது. உங்களால் முடியும்.

இன்னொன்று, பயணமே புதிய கோளாறைத் தரலாம். இந்தக் காலத்து விஜிஏ கார்டு கனமானது. கேசிங்கை நிமிர்த்தி வைத்து வளைவுகளில் குலுக்கினால் கார்டு அதன் ஸ்லாட்டில் இளகும். கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் கார்டைக் கழற்றித் தனியாக அதன் பெட்டியில் வையுங்கள். முடியாவிட்டால் மதர்போர்ட் அடியில் கிடக்கும்படி கேசிங்கைப் படுக்க வையுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? முதலில் கம்ப்யூட்டர் எப்படி விழுகிறது என்பதைக் கவனித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். கேம் மட்டும் மூடினால் ரேம், டிரைவர், கேம் கோப்பு என்று சந்தேகப்படலாம். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பினால் விஜிஏ பக்கம். நீலத்திரைகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரோடு வந்தால் எனக்கு முதல் சந்தேகம் ரேம் மேல்தான். சுவிட்சை அணைத்ததுபோல மொத்தமாக விழுந்து தானாகத் திரும்பத் தொடங்கினால் பவர் சப்ளையையும் வீட்டுக் கரண்டையும் பாருங்கள். நடந்த கோளாறுகளைப் பதிந்து காட்டும், விண்டோஸில் உள்ள ஈவன்ட் வியூவர் இதற்கு உதவும். ஆனால் அதில் ‘கேர்னல்-பவர் 41’ என்று பார்த்துவிட்டு பவர் சப்ளைதான் என்று முடிவு கட்டாதீர்கள். கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் நின்றது என்பதைச் சொல்வதில்லை.

வெப்பத்தை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்போ மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போது எண்களைப் பாருங்கள். எங்கள் குளிரில் இது பெரிய பிரச்சினையாக இருக்காது. ஆனால் கூலரின் அடியில் ஒட்டிவருகிற பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டிவிட்டால் ஹட்டன் குளிரும் காப்பாற்றாது.

பிறகு ரேம். கிராஷை விரட்ட நினைத்தால் இங்கே தொடங்குங்கள், காசு செலவில்லை. மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்து தொடங்கினால் விண்டோஸ் இல்லாமலேயே சோதனை ஓடும். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். படுக்கப் போகும்போது போட்டுவிட்டுப் போனேன். காலையில் எழுந்து வந்து பார்த்தால் திரை முழுவதும் சிவப்பு வரிகள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு! கோளாறைக் கண்டு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அதன்பின் ஒவ்வொரு இரவும் ஒரே ஒரு மாற்றம். எக்ஸ்எம்பியை அணைத்து ஓட்டினேன், பிழை இல்லை. மறுபடி எக்ஸ்எம்பி போட்டு, ஒரு ரேமை மட்டும் சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வருகிற ஸ்லாட்டில் வைத்து ஓட்டினேன், பிழை இல்லை. அதே ஸ்லாட்டில் மற்ற ரேமை வைத்தேன், பிழை வந்தது. அந்த ரேமை நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றினேன், அங்கேயும் வந்தது. ஒரே ஸ்லாட், ஒரே வேகம், ஒரு ரேம் தேறுகிறது, மற்றது தேறவில்லை என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்தக் கடைசிச் சோதனைகளைத் தவிர்க்காதீர்கள். ஏனென்றால் 5600க்கு ஏஎம்டி சொல்லும் ரேம் வேகம் 3200தான். 3600 அதற்கு மேல். இரண்டு ரேமும் தனித்தனியாகத் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வந்தால் குற்றம் ரேமுடையதாக இல்லாமலும் இருக்கலாம். அப்போது வேகத்தை 3200க்கு இறக்கிப் பாருங்கள். கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம்தான் கொழும்புக் கடையை மறுபடி அழைத்தேன். இந்த முறை முழுக் கம்ப்யூட்டரையும் தூக்கவில்லை. சிவப்பு வரிகளின் போட்டோ, எந்த ரேம், எந்த ஸ்லாட், எந்த வேகம் என்று எழுதிய ஒரு தாள், பில்லின் பிரதி, அந்த ஒற்றை ரேம். அது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே வைத்து, டவுனிலிருந்து கூரியரில் 500 ரூபாய்க்குள் அனுப்பினேன். எக்ஸ்எம்பி போட்டுச் சோதியுங்கள் என்று தாளில் பெரிதாக எழுதியிருந்தேன். ஒரு வாரத்தில் மாற்று ரேம் வந்தது. எங்கள் ரேம் இரண்டும் தனித்தனியாக வாங்கியவை என்பதால் மற்றதை வைத்து 8 ஜிபியில் தம்பி படித்துக்கொண்டிருந்தான். ஜோடியாக ஒரே பெட்டியில் வாங்கியிருந்தால் கடைக்காரர் இரண்டையும் திருப்பிக் கேட்கக்கூடும், முதலிலேயே பேசிவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு, தெரிந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தில் கரண்ட் வேலை பார்க்கிற மாமாவிடம் மல்டிமீட்டர் வாங்கி ஒரு வாரம் அளந்தேன். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில், எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் ஏறுகிற நேரத்தில் 200 வரை இறங்கியது. நல்ல பவர் சப்ளைகள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அவற்றின் ஸ்டிக்கரிலேயே இருக்கும், அவற்றுக்கு இது பொருட்டில்லை. விலை குறைந்த சிலவற்றில் 200 முதல் 240 என்று மட்டும் போட்டிருக்கும். லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) கடைசி வீடுகளில், டிரான்ஸ்போமருக்குத் தூரமாக இருப்பவர்கள் அந்த ஸ்டிக்கரைப் பார்த்து வாங்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் மரக்கிளை கம்பியில் உரசி லைட் ஒரு சிமிட்டு சிமிட்டுகிறதே, அது வேறு கதை. பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லி நொடிதான். அதற்கு பேட்டரி உள்ள யூபிஎஸ் வேண்டும், ஸ்டெபிலைசர் போதாது. விஜிஏ கார்டுக்கு இரண்டு பவர் கனெக்டர் இருந்தால், ஒரே வயரின் இரண்டு தலையைச் செருகாமல் இரண்டு தனி வயராகக் கொடுங்கள்.

இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. என்னிடம் அது இல்லை, கையால் சோதித்ததில்லை. ஆனால் அந்த டெஸ்க்டாப் சிபியுக்கள் சில அதிக வோல்டேஜால் சேதமாகி கேம்களைக் கிராஷ் ஆக்குவதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டு, பெட்டியில் விற்ற சிபியுக்களின் வாரண்டியை மேலும் இரண்டு வருடம் நீட்டியது. விஜிஏயில் இடம் நிறைய இருக்கும்போதே ‘வீடியோ மெமரி போதாது’ என்று கேம் சொன்னால் அது ஒரு அறிகுறி. பயாஸை உடனே புதுப்பியுங்கள். ஏற்கெனவே சேதமானதை அந்தத் திருத்தம் குணமாக்காது, அப்போது சிபியு மாற்றத்தான் வேண்டும்.

நேராகக் கொழும்புக்கே போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. கருகிய வாடை வந்தால், திரையே வராவிட்டால், கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கவே பயமாக இருந்தால் வீட்டில் மெனக்கெடாதீர்கள். வாரண்டி முடியப்போகிறது என்றாலும் அப்படியே. நாட்களை எண்ணும்போது பில்லைப் பாருங்கள், ஒரு வருடம் என்பது இங்கே பல கடைகளின் பில்லில் 350 நாள்தான். எங்கள் பில்லின் பின்பக்கத்தில் கருகியதற்கும் உடைந்ததற்கும் துரு பிடித்ததற்கும் வாரண்டி கிடையாது என்று இருக்கிறது. இதைப் படித்த பிறகுதான், பனி இறங்குகிற பக்கத்து ஜன்னலடியில் இருந்த கேசிங்கை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி, தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில் வைத்தோம்.