கற்பனை எண்: விதியாகப் படிப்பதா, சுழற்சியாகப் பார்ப்பதா?

√−1 என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதன் வர்க்கம் −1 என்ற ஒரே விதியோடு இயற்கணிதத்தைத் தொடர்வது ஒரு வழி. எண்களைத் தளத்தில் புள்ளிகளாகக் குறித்து, பெருக்கலைச் சுழற்சியாகப் பார்ப்பது இன்னொரு வழி. கணிதர்கள் வெஸ்ஸல் 1797-இலும் ஆர்கண்ட் 1806-இலும் தனித்தனியே வந்து சேர்ந்த இந்த இரண்டாவது வழியின் பக்கம்தான் நான்.

விதி வழியின் பலம் வேகம். (3 + 2√−1)(1 − 4√−1) என்பதை விரித்துப் பெருக்கி, (√−1)² வரும் இடத்தில் −1 போட்டால் 11 − 10√−1 கிடைத்துவிடும். இதையே கோணங்களில் செய்தால் 33.69°, −75.96° என்று தசமங்களோடு மல்லாட வேண்டும்.

அந்த வழி கைவிடும் இடம் √−4 × √−9. உள்ளே இருப்பதைப் பெருக்கி √36 = 6 என்று எழுதிவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. சரியான விடை −6. ‘முதலில் √−1-ஐ வெளியே எடு, பிறகு பெருக்கு’ என்று விதி சொல்லும்; 2√−1 × 3√−1 = 6 × (−1) என்று விடையும் வரும். ஏன் அந்த வரிசை என்பதற்கு மட்டும் அதனிடம் பதில் இல்லை. காரணம் தெரியாத விதி நாளடைவில் மறந்துதான் போகும்.

தளத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் மையத்திலிருந்து ஒரு தூரம், வலப்பக்க அச்சிலிருந்து ஒரு கோணம். இரண்டு எண்களைப் பெருக்கினால் தூரங்கள் பெருகும், கோணங்கள் கூடும். வர்க்கமூலம் எடுத்தால் தூரத்துக்கு வர்க்கமூலம், கோணத்துக்குப் பாதி. −4-இன் தூரம் 4, கோணம் 180°. அதன் மூலம் 2, 90°. −9-க்கு 3, 90°. இரண்டையும் பெருக்கினால் 6, 180°, அதாவது −6. பிழை எங்கே நுழைகிறது என்பதும் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. −4-ஐயும் −9-ஐயும் முதலிலேயே பெருக்கினால் கோணம் 180 + 180 = 360°. அதை 36 என்று எழுதியவுடன் 360° என்பது 0° ஆகிவிடுகிறது. 360-இல் பாதி 180, 0-இல் பாதி 0. விடுபட்ட அந்த ஒரு முழுச்சுற்றுதான் குறியை மாற்றிவிட்டது.

உயர்படி மூலங்களிலும் இதே கதைதான். −8-இன் கோணம் 180°; முழுச்சுற்றுகளைச் சேர்த்தால் அதுவே 540°, 900°. மூன்றால் வகுத்தால், கனமூலங்களுக்குத் தூரம் 2; கோணங்கள் 60°, 180°, 300°. நடுவில் இருப்பது நமக்குத் தெரிந்த −2, மற்ற இரண்டு 1 ± √3·√−1.

ஒவ்வோர் எண்ணையும் (a, b) என்ற சோடியாக எழுதி, பெருக்கலுக்கு ஒரு விதி வகுக்கும், கணிதர் ஹாமில்டனின் சோடி எண் வழியும் உண்டு. அதில் (0, 1)-ஐ அதனாலேயே பெருக்கினால் (−1, 0). ‘இப்படி ஓர் எண் இருக்க முடியுமா’ என்ற சந்தேகத்தை அடியோடு தீர்ப்பது இதுதான். தொடக்கநிலையில் இதைக் கற்பித்த அனுபவம் எனக்குக் குறைவு என்பதால் அழுத்திச் சொல்லவில்லை. ஆனால் அதன் பெருக்கல் விதி புதியவருக்கு வானத்திலிருந்து விழுந்ததுபோல் தோன்றக்கூடும்.

சுழற்சி வழியில் வழுக்கும் இடம் கோணம் காண்பது. −1 − √−1-க்கு (−1)/(−1) = 1 என்று வகுத்து, கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் போட்டால் 45° காட்டும். புள்ளி இருப்பதோ மூன்றாம் காற்பகுதியில், கோணம் −135°. பொத்தானை அழுத்தும் முன் புள்ளியைத் தாளில் குறித்துவிடுங்கள்.