லூமியாவை விட்டு ஆண்ட்ராய்டுக்கு வந்த பிறகு

2013-இல் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு போன் வாங்கியவர்களுக்கு, நோக்கியா லூமியா 520 ஏன் அப்படி விற்றது என்று விளக்கத் தேவையில்லை. அந்த விலையில் கிடைத்த ஆண்ட்ராய்டு போன்களில் தொடர்பு எண்களைத் திறந்தாலே திரை தயங்கி நிற்கும். அழைப்பு வந்தால், எடுக்கும் பொத்தான் கண்ணில் படுவதற்குள் மறுமுனையில் வைத்துவிடுவார்கள். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்தில் ஓடிய லூமியா 520-இல் இருந்ததும் வெறும் 512 எம்பி ரேம்தான். ஆனாலும் விரல் நகர்ந்த வேகத்துக்குத் திரையும் நகர்ந்தது.

அதை அந்த ஆண்டே வாங்கினேன். 2015-இல் லூமியா 640-க்கு மாறினேன். 2019-இல்தான் ஆண்ட்ராய்டுக்கு வந்தேன். இரண்டிலும் ஆண்டுக்கணக்கில் புழங்கியவன் என்ற உரிமையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாறியது சரியான முடிவு. ஆனால் விண்டோஸ் போன் மோசமாக இருந்ததால் நான் மாறவில்லை. கையிலிருந்த போன் கடைசி நாள்வரை நன்றாகவே வேலை செய்தது. அதற்கு வெளியே இருந்தவர்கள்தான் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள்.

முதலில் அந்த போன் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அதைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் இன்று அதிகம். முகப்பில் சின்னச் சின்னப் படங்களுக்குப் பதில் சதுரக் கட்டங்கள் இருக்கும். வேண்டியதைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் வைத்துக்கொள்ளலாம். நாள்காட்டிக் கட்டத்தில் அடுத்த சந்திப்பு எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்கும். அஞ்சல் கட்டத்தில் கடைசியாக வந்த கடிதத்தின் தலைப்பு ஓடும். எதையும் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்ற அமைப்பு 2010-இல் வந்த முதல் விண்டோஸ் போனிலேயே இருந்தது. ஆண்ட்ராய்டு அதை முழு இயங்குதளத்துக்கும் கொண்டுவந்தது 2019-இல், பத்தாம் பதிப்பில்.

எழுத்துகளின் அழகை ஏனோ யாரும் பேசுவதில்லை. பெரிய, மெல்லிய எழுத்துகள், சுற்றிலும் தாராளமான வெற்றிடம். படிப்பதற்காகவே யாரோ உட்கார்ந்து வரைந்த திரை என்று தோன்றும். படங்களையும் நிழல்களையும் நம்பாமல், எழுத்தை மட்டும் நம்பி ஒரு போனை வடிவமைக்கும் துணிச்சல் அதன்பிறகு எவருக்கும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

520-இன் பக்கவாட்டில் கேமராவுக்கென்றே ஒரு பொத்தான் உண்டு. பாதி அழுத்தினால் காட்சி கூர்மையாகும். முழுதாக அழுத்தினால் படம் விழும். போன் பூட்டியிருந்தாலும் அதை அழுத்திப் பிடித்தால் கேமரா திறந்துகொள்ளும். ஐந்து மெகாபிக்சல்தான், ஃபிளாஷும் கிடையாது, முன்பக்கக் கேமராவும் கிடையாது. ஆனால் ஓடும் குழந்தையைப் படமெடுக்க அந்தப் பொத்தான் போல வேறெதுவும் எனக்குக் கைகொடுத்ததில்லை. 640-இல் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக அதில் வேறொரு வசதி இருந்தது: அணைந்த திரையில் நேரமும் வந்திருக்கும் அறிவிப்புகளின் குறிகளும் மங்கலாகத் தெரிந்துகொண்டிருக்கும். இரவில் மணி பார்க்க போனை எடுக்கவே வேண்டாம்.

ஹியர் என்ற நோக்கியாவின் வரைபடச் செயலிக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். முழு வரைபடத்தையும் முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். இணையமே இல்லாமல் வழி சொல்லும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எத்தனை தூரத்தில் என்று 640 பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தது. அந்த வரைபட நிறுவனத்தை 2015-இல் ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் ஆகிய ஜெர்மானிய கார் நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. மறு ஆண்டே விண்டோஸ் 10 போன்களிலிருந்து அது விலக்கிக்கொள்ளப்பட்டது. எனக்கு விழுந்த முதல் அடி அதுதான்.

தளம் தேய்ந்த கதை பலருக்குத் தெரிந்ததே, சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 பிப்ரவரியில் ஸ்டீஃபன் எலாப் தலைமையில் நோக்கியா தன் சிம்பியன் இயங்குதளத்தைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டுடன் கைகோத்தது. அடுத்த ஆண்டு விண்டோஸ் போன் 8 வந்தபோது, 7-ஐ வைத்திருந்தவர்களுக்கு அது கிடைக்காது என்றார்கள். ஆசையாக முதலில் வாங்கியவர்களையே நடுவழியில் இறக்கிவிட்ட அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் பிரிவு மைக்ரோசாஃப்டின் கைக்குப் போனது. வரி வழக்கில் சிக்கியிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. அங்கே தயாரானவை பெரும்பாலும் பொத்தான் போன்கள்தான். ஆனால் காஞ்சிபுரத்துப் பக்கம் எத்தனை வீடுகளில் அந்த ஆலையின் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது என்று அறிந்தவர்களுக்கு நோக்கியா என்பது வெறும் பிராண்டின் பெயர் மட்டுமாக இருந்ததில்லை. நான் லூமியா வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

2015-இல் அந்தக் கொள்முதலுக்காக 760 கோடி டாலரை மைக்ரோசாஃப்ட் நஷ்டக் கணக்கில் எழுதியது. 2016-இல் பழைய போன்களுக்கு விண்டோஸ் 10 வந்தபோது 640-க்குக் கிடைத்தது, 520-க்குக் கிடைக்கவில்லை. 2017 அக்டோபரில், புதிய வசதிகளோ புதிய போன்களோ இனி தங்கள் கவனத்தில் இல்லை என்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் பிரிவு அதிகாரி ஜோ பெல்ஃபியோர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

இதெல்லாம் செய்தித்தாளில் படித்தது. அன்றாட வாழ்வில் உறைத்தது வேறு. தொடக்கத்தில் செயலிகளுக்குப் பெரிய பஞ்சம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி செயலி, ஆண்ட்ராய்டுக்கு வருவதற்கு முன்பே 2013-இல் விண்டோஸ் போனுக்கு வந்தது! யூடியூப்தான் இல்லை. கூகுள் செய்து தரவில்லை. மைக்ரோசாஃப்ட் தானே செய்து வெளியிட்டதைக் கூகுள் தடுத்தது. இரண்டு பெரிய யானைகளின் சண்டையில் நாங்கள் உலாவியில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இருந்த செயலிகள் பழசாகிப்போனதுதான் பெரிய தொல்லை. ஒரு செயலி கடையில் இருக்கும், இறங்கும், திறக்கும். ஆனால் உள்ளே நுழையும்போது பிழை காட்டும். என் வங்கியின் செயலி அப்படித்தான் ஒருநாள் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தது. கிளையில் போய்க் கேட்டபோது, ஆண்ட்ராய்டு போன் இல்லையா என்று திருப்பிக் கேட்டார்கள்.

என்னை அசைத்தது பணம்தான். 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானது. டிசம்பர் 30-ஆம் தேதி பீம் செயலி வெளியானது, ஆண்ட்ராய்டுக்கு மட்டும். ஐபோனுக்குச் சில வாரங்களில் வந்தது. விண்டோஸ் போனுக்கு வரவேயில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கூகுளின் தேஸ் வந்தது. இன்று ஜிபே என்கிறோமே, அதுதான். எங்களுக்கு மிஞ்சியது *99# என்று அழுத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் எண் போட்டுப் பதில் சொல்லிப் பணம் அனுப்பும் முறை. அவசரத்துக்கு அது உதவும். பின்னால் வரிசை நிற்கும்போது காய்கறிக் கடையில் நின்று அதைச் செய்ய முடியாது. கடைக்காரர்கள் கியூஆர் அட்டையை மாட்ட மாட்ட, நல்ல நிலையில் இருந்த என் போன் சட்டைப்பையிலேயே கிடந்தது. ஒரு போன் தளம் எங்கே உயிர் விடுகிறது என்று கேட்டால், என் அனுபவத்தில் கடை கல்லாவின் முன்னால் என்றுதான் சொல்வேன்.

2019 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டே, பாதுகாப்பு அப்டேட்டுகள் டிசம்பரோடு முடிகின்றன, ஆண்ட்ராய்டுக்கோ ஐபோனுக்கோ போய்விடுங்கள் என்றது. அந்த ஆண்டின் கடைசி நாளோடு விண்டோஸ் போனில் வாட்ஸ்அப் நின்றுவிடும் என்று அறிவிப்பு வந்ததும் பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

ஐபோன் என் பட்ஜெட்டுக்குள் வரவில்லை. ஆண்ட்ராய்டில், கூடுதல் அலங்காரம் எதுவும் ஏற்றாமல் கூகுள் தருவதை அப்படியே தரும் ஆண்ட்ராய்டு ஒன் வகை போன்களை மட்டும் பார்த்தேன். எச்எம்டி குளோபல் என்ற பின்லாந்து நிறுவனம் நோக்கியா பெயரில் வெளியிட்ட நோக்கியா 6.1, 4 ஜிபி ரேம் கொண்டதை வாங்கினேன். பெயர் பழகியது என்பதைத் தவிர லூமியாவுக்கும் அதற்கும் உறவில்லை.

இடம் மாறுவதில் எது எளிது, எது கடினம் என்பதை விவரமாகச் சொல்வது நல்லது. தொடர்பு எண்கள் அவுட்லுக் கணக்கில் இருந்தன. கணினியில் அதைத் திறந்து, மொத்தத்தையும் ஒரு கோப்பாக இறக்கி, கூகுள் தொடர்புகளில் ஏற்றினால் வேலை முடிந்தது. தமிழில் எழுதிவைத்த சில பெயர்கள் மட்டும் கேள்விக்குறிகளாக வந்தன. அவற்றைக் கையால் திருத்தினேன். படங்கள் மெமரி கார்டில் இருந்தன. கார்டைக் கழற்றிப் புதிய போனில் போட்டதும் அப்படியே தெரிந்தன. ஒன்நோட் குறிப்புகள், ஒன்டிரைவ் கோப்புகள் எல்லாம் கணக்கில் நுழைந்தவுடன் வந்து நின்றன. அந்தச் செயலிகள் விண்டோஸ் போனில் ஓடியதைவிட ஆண்ட்ராய்டில் நன்றாக ஓடின. தன் சொந்தத் தளத்தைவிடப் பிறர் தளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அதிகம் உழைத்திருக்கிறது என்பதைப் பார்த்தபோது மனம் கசந்தது.

வாட்ஸ்அப் அப்படி இல்லை. விண்டோஸ் போன் அதன் சேமிப்பை ஒன்டிரைவில் வைக்கும். ஆண்ட்ராய்டு கூகுள் டிரைவில் தேடும். ஒன்றை மற்றொன்று படிக்காது. எண் அதே எண் என்பதால் குழுக்கள் அப்படியே இருந்தன. உள்ளே பேசியது எதுவும் இல்லை. இது முன்பே தெரிந்ததால், முக்கியமான உரையாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மின்னஞ்சலுக்கு உரைக் கோப்பாக அனுப்பிவைத்திருந்தேன். வீடு கட்டிய மேஸ்திரியுடன் பேசிய கணக்குகள், அக்காவுடன் நடந்த நீண்ட உரையாடல்கள் எல்லாம் இன்றும் அந்த வடிவில் இருக்கின்றன. தேடிப் படிக்கலாம், உரையாடலின் உருவம் மட்டும் இல்லை.

ஆண்ட்ராய்டு தந்ததில் பெரியது எது என்றால், பணம் கட்டுவதற்கு அடுத்தபடியாகத் தமிழ்தான். ஜிபோர்டு விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுத்தாகிறது. அம்மாவுக்கும் ஓர் ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தேன். யாருக்காவது பதில் எழுத வேண்டுமென்றால் முன்பெல்லாம் என்னைக் கூப்பிடுவார். இப்போது அவரே பேசி, தவறாக விழுந்த சொல்லை அழித்து, மறுபடி சொல்லி, அனுப்பிவிடுகிறார். ‘வத்தக்குழம்பு’ என்ற சொல்லை அது எப்படியெல்லாம் எழுதுகிறது என்று எனக்குக் காட்டுவார். இந்த ஒன்றுக்காகவே மாறியிருக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. விண்டோஸ் போன் என்னைச் சும்மா விட்டது, ஆண்ட்ராய்டு விடுவதில்லை. முதல் வாரத்திலேயே, வாங்காத பொருளுக்குத் தள்ளுபடி, பார்க்காத படத்துக்கு அழைப்பு என்று அறிவிப்புகள் வந்து குவிந்தன. ஒவ்வொரு செயலியாகப் போய் அறிவிப்பை நிறுத்தினேன். அழைப்பு, குறுஞ்செய்தி, வங்கி, குடும்பக் குழு தவிர வேறெதுவும் இப்போது ஒலிப்பதில்லை. சதுரக் கட்டங்களைப் போலக் காட்டும் முகப்புச் செயலிகளும் கிடைக்கின்றன. சில மாதங்கள் ஒன்றை வைத்திருந்தேன். தோற்றம் அதே. ஆனால் உள்ளே திறந்த ஒவ்வொரு செயலியும் தன் இஷ்டத்துக்கு இருந்ததால் எடுத்துவிட்டேன்.

நோக்கியா 6.1 ஆண்ட்ராய்டு 8-இல் வந்து 9, 10 ஆகியவற்றையும் பெற்றது. அதோடு சரி, பாதுகாப்பு அப்டேட்டுகளும் பிறகு நின்றன. அதன்பின் வாங்கிய போனின் பெயர் வேண்டாம். விலை குறைவு, கேமரா நன்று, பூட்டுத்திரையில் விளம்பரம். காசு கொடுத்து வாங்கிய பொருளின் வாசலில் எவனோ சுவரொட்டி ஒட்டுவதை என்னால் சகிக்க முடியாது. அமைப்புகளில் நான்கைந்து இடங்களில் தேடித் தேடி அதை அணைக்க வேண்டியிருந்தது. இப்போது கூகுளும் சாம்சங்கும் தங்கள் உயர் விலைப் போன்களுக்கு ஏழு ஆண்டு அப்டேட் தருவதாகச் சொல்கின்றன. அடுத்த முறை போன் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ரேமும் மெகாபிக்சலும் பிறகு.

இன்னும் யாரிடமாவது லூமியா மேசை இழுப்பறையில் கிடந்தால் இரண்டு வேலைகளை உடனே செய்துவிடுங்கள். முதலாவது, கேபிளால் விண்டோஸ் கணினியில் இணைத்துப் படங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். திரையைத் திறந்து வைத்திருந்தால் கோப்புறைகள் தானாகத் தெரியும். வேகம் கூடும் என்று நம்பிப் பழைய நிலைக்கு மீட்டமைக்க வேண்டாம், விண்டோஸ் போன் 8.1 பதிப்புக்கான செயலிக் கடை 2019 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது, அழித்த செயலிகள் திரும்ப வராது. இரண்டாவது, 520, 640 இரண்டிலும் பின்மூடியைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுக்கலாம். எடுத்துத் தனியே வையுங்கள். பழைய பேட்டரி உப்பினால் திரையையும் சேர்த்துத் தூக்கிவிடும்.